அமெரிக்கக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் விசேட கல்வி முதுமாணி: தங்கச்சியை அனுப்பலாமா?

கேள்வி, 08.09.2024

அக்கா, மூதூரில் இருந்து எழுதுகிறேன். தங்கச்சி கல்வியியற் கல்லூரி முடித்து, வெளிவாரியாகப் பட்டமும் எடுத்து, நாலு வருடமாக ஒரு விசேட கல்வி அலகில் படிப்பிக்கிறாள். அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் விசேட கல்வி முதுமாணிக்கு இடம் கிடைத்திருக்கிறது. பாதிக்கு மேல் புலமைப்பரிசில். நாங்கள் சைவம். "அங்க போனா வேதத்துக்கு மாத்திப்போடுவாங்கள்" என்று அம்மா மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. எனக்கு அந்தப் பயம் இல்லை. முடித்துவிட்டு வந்தால் இங்கே அந்தப் படிப்பு எதற்கு உதவும் என்பதுதான் என் யோசனை. நீங்கள் அப்படியொரு இடத்தில் படித்தவர் என்று கேள்விப்பட்டேன். உள்ளதைச் சொல்லுங்கள்.

08.09.2024, இரவு

முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். நான் 2016 ஆகஸ்டில் போய் 2018 மே மாதம் திரும்பினேன். கொண்டுபோன விபூதிப் பை திரும்பி வரும்போதும் கைப்பையில் இருந்தது. கொஞ்சம் குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

மாறச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. வகுப்புத் தொடங்க முன் பேராசிரியர் இரண்டு நிமிடம் செபம் சொல்வார். சிலர் கண்ணை மூடுவார்கள், சிலர் லப்டொப்பைத் திறப்பார்கள். நான் எங்கள் திருகோணமலைக் கோணேசரை நினைக்கப் பார்ப்பேன். மனதில் வந்து நிற்பது பெரும்பாலும் கோட்டை வாசலில் நிற்கும் மான்கள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ச்சுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று தரம் போனேன், பிறகு நித்திரை பெரிதாகிவிட்டது. யாரும் கோபிக்கவில்லை. பட்டப்பின் மாணவருக்கு ஆராதனை கட்டாயம் இல்லை.

ஆனால் கையெழுத்து வைக்கச் சொல்லி ஒரு தாள் வரும். அதை வாசிக்காமல் வைக்க வேண்டாம். இந்தப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஒரே அச்சு இல்லை. சில இடங்களில் விசுவாச அறிக்கையில் (இன்னதை நம்புகிறேன் என்ற கிறிஸ்தவ உறுதிமொழி) விரிவுரையாளர்கள் மட்டும் ஒப்பமிடுவார்கள், மாணவருக்கு நடத்தை விதிகள் மட்டும்தான். வேறு சில இடங்களில் மாணவரும் ஒப்பமிட வேண்டும், சபைப் போதகரின் கடிதமும் கேட்பார்கள். தங்கச்சிக்கு இடம் தந்தது இரண்டாவது வகை என்றால், அவள் யாரோ ஒரு போதகரிடம் கடிதம் வாங்கி அனுப்பியிருக்கிறாள், அம்மாவிடம் சொல்லவில்லை என்று அர்த்தம். அது உங்கள் வீட்டுப் பிரச்சினை.

சரி, மதம் முடிந்தது. படிப்பைப் பற்றி நாளைக்கு.

09.09.2024

அனுமதிக் கடிதத்தை எடுத்து, படிப்பின் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அங்கே இந்த முதுமாணியைப் பல இடங்களில் இரண்டு வழியாக நடத்துகிறார்கள். ஒன்று, அந்த மாநிலத்தின் ஆசிரியர் லைசென்ஸ் வரை கொண்டுபோய் விடும். மற்றது லைசென்ஸ் இல்லாத வழி. கையில் கிடைக்கும் பட்டம் ஒன்றுதான். ஆனால் முதலாவதில் ஒரு தவணை பாடசாலையில் நின்று படிப்பிக்க வேண்டும். அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் பின்னால் இருந்து பார்த்துக் குறிப்பு எழுதித் தருவார். இரண்டாவதில் பெரும்பாலும் அது இல்லை, பதிலுக்கு ஒரு ஆய்வுக் கட்டுரை.

என்னை இரண்டாவதில் போட்டார்கள். "நீ ஊருக்குத் திரும்புகிறவள், எங்கள் மாநில லைசென்ஸ் உனக்கு எதற்கு?" என்றார் ஆலோசகர். நல்ல மனிதர், நன்மைக்குத்தான் சொன்னார். மாநிலப் பரீட்சைக் காசு மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். இரண்டாம் தவணையில்தான் விளங்கியது, நான் ஒரு பிள்ளையைக்கூடத் தொடாமல் விசேட கல்வியில் முதுமாணி ஆகப் போகிறேன் என்று. அதற்குள் வழி மாறக் காலம் கடந்துவிட்டது.

பிறகு தொண்டராகப் போனேன். அதற்கும் பொலிஸ் பின்னணிச் சோதனை, கைரேகை. இயந்திரம் என் பெருவிரலை மூன்று தரம் தள்ளிவிட்டது. தேங்காய் துருவித் தேய்ந்த விரல் என்று அந்த அலுவலருக்கு எப்படிச் சொல்வது? பஸ்ஸில் நாற்பது நிமிடம், அரசாங்கப் பாடசாலை, கிட்டத்தட்ட 110 மணித்தியாலம். அங்கேதான் நான் படித்தேன்.

அந்த வகுப்பு ரீச்சர் இருபத்தாறு வருடமாக அதே வேலையில் இருந்தவர். ஒருநாள் நான் படிப்பித்ததைப் போனில் படம் பிடித்துக் காட்டினார். ஒரு பையனிடம் "இது என்ன நிறம்?" என்று கேட்கிறேன். அவன் வாயைத் திறக்கிறான். அதற்குள் நான் இன்னொரு தரம் கேட்கிறேன், பிறகு நானே பதிலும் சொல்கிறேன். கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் இரண்டு விநாடிகூட இல்லை. "அவனுக்குப் பதில் தெரியும். நீதான் விடவில்லை," என்றார். அடுத்த நாளில் இருந்து நான் கேள்வி கேட்டதும் என் பின்னால் நின்று மேசையில் விரலால் மெதுவாகத் தட்டுவார், பத்து வரைக்கும். பத்துத் தட்டு எவ்வளவு நீளம் என்று வீட்டில் யாரையாவது எதிரே வைத்துச் செய்து பாருங்கள். ஏழாவது தட்டில் அவன் "நீலம்" என்றான்.

இரண்டு வருடப் படிப்பில் இன்றைக்கும் ஒவ்வொரு நாளும் நான் பாவிப்பது அதைத்தான். அதற்குக் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் எடுக்கும் புள்ளி) கிடைக்கவில்லை.

09.09.2024, பின்னேரம்

ஆராதனை கட்டாயம் இல்லை என்று நேற்று எழுதியது என் இடத்து நடைமுறை. எல்லா இடத்துக்கும் அதைப் பொருத்த வேண்டாம். மாணவர் கைநூல் இணையத்திலேயே கிடைக்கும், அதைப் பாருங்கள்.

11.09.2024

படிப்பில் பெரிய பங்கு சட்டம். 1975இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. ஊனமுள்ள பிள்ளைக்கு அரசுப் பாடசாலை பொருத்தமான கல்வியை இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். 1990இல் அதன் பெயரை மாற்றினார்கள், 2004இல் திருத்தினார்கள். 13 வகைக் குறைபாடுகள், 3 வயதில் இருந்து 21 வரை, பெற்றார் சம்மதித்த நாளில் இருந்து 60 நாளுக்குள் மதிப்பீடு (மாநிலம் வேறு கெடு வைத்திருந்தால் அந்தக் கெடு), ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தனியாள் கல்வித் திட்டம், அதை வருடத்துக்கு ஒரு தரமாவது மீளப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் நான் தேவாரம் மாதிரிப் பாடமாக்கினேன்.

அந்தத் திட்டக் கூட்டம் ஒன்றில் மூலையில் இருந்து பார்த்தேன். மேசையைச் சுற்றி ஏழு பேர், எல்லாரும் படித்தவர்கள். தொப்பி போட்ட ஒரு தகப்பன், லொறி ஓட்டுகிறவர், தாளைப் புரட்டி "மூன்றாம் பக்கத்தில் இருக்கும் இலக்கை நான் ஒப்புக்கொள்ளவில்லை," என்றார். ஏழு பேரும் பேனையைக் கீழே வைத்தார்கள். இங்கே நான் தாய்மாரைக் கூப்பிட்டு இருத்தினால், "நீங்க பாத்துப் போடுங்கோ ரீச்சர், எனக்கென்ன தெரியும்," என்று தாளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒப்பம் வைக்கிறார்கள்.

எங்களுக்கும் சட்டம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், ஊனத்தைக் காரணம் காட்டிக் கல்வி நிலையத்தில் அனுமதி மறுக்கக் கூடாது என்கிறது. 2003இல் தேசியக் கொள்கை வந்தது. ஊனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை 2016இல் இலங்கை ஏற்று உறுதி செய்தது. ஆனால் அந்தத் தகப்பனின் குரலில் இருந்தது சட்டம் தந்த தைரியம். 60 நாளுக்குள் நடக்காவிட்டால் யாரிடம் போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தங்கச்சி பாடமாக்கப் போகும் சட்டத்தில் ஒரு வரிகூட மூதூரில் செல்லாது.

இன்னொன்று எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும். பெற்றார் தாங்களாகவே தனியார் மதப் பாடசாலையில் சேர்க்கும் பிள்ளைக்கு அந்தச் சட்டத்தின் முழு உரிமை கிடையாது. 1990இல் தனியாக வந்த அமெரிக்க ஊனமுற்றோர் சட்டத்திலும் மத அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் அதிகமாக வேலைக்குப் போவது அரசுப் பாடசாலைகளுக்கு. நான் படித்த ஊரில் இருந்த ஒரு கிறிஸ்தவப் பாடசாலை, எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தம்பியை "எங்களிடம் வசதி இல்லை" என்று திருப்பி அனுப்பியது. அவன் இருப்பது சக்கர நாற்காலியில். அங்கே கீழ் வகுப்புகள் எல்லாம் மாடியில்.

மிச்சம் இரண்டு பாடம் இறையியல், கட்டாயம். ஆறு கிரெடிட். அந்தக் காசுக்கு உப்புவெளியில் ஒரு துண்டுக் காணி வாங்கியிருக்கலாம் என்று அப்போது கணக்குப் பார்த்தேன்.

12.09.2024

காணி கணக்குத் தப்பு என்று என் மனுசன் சொல்கிறார். ஒரு துண்டு மதில் கட்டியிருக்கலாமாம்.

14.09.2024

"இதை இங்கேயே படிக்கலாமே, எதற்கு அவ்வளவு தூரம்?" என்று ஒரு ஓய்வுபெற்ற சேர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார். படிக்கலாம். மகரகம தேசிய கல்வி நிறுவகத்திலும் திறந்த பல்கலைக்கழகத்திலும் விசேட கல்வி இருக்கிறது. பதவி உயர்வுக்கும் சம்பளத்துக்கும் என்றால் அதுதான் நேர் வழி. கல்வித் திணைக்களத்துக்கு விளங்கும் பெயரில் சான்றிதழ் கிடைக்கும். வெளிநாட்டுப் பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்ளுமா என்று போக முன்னமே எழுதிக் கேட்டு, பதிலைக் கடதாசியில் வாங்கி வைத்திருக்க வேண்டும். நான் திரும்பி வந்து கேட்டேன், பதினொரு மாதம் அலைந்தேன். அங்கேயும் பாருங்கள்: சில சின்ன வேதாகமக் கல்லூரிகள் வேதாகமக் கல்விக்கான தனி அமைப்புகளிடம் மட்டும் தரச்சான்று வைத்திருக்கும். பொதுப் பல்கலைக்கழகங்களுக்குத் தரச்சான்று கொடுக்கும் அமைப்பின் பட்டியலில் உங்கள் தங்கச்சியின் இடம் இருக்கிறதா?

சேர் இன்னொன்றும் எழுதியிருந்தார், "கிறிஸ்தவர்களுக்கும் விசேட கல்விக்கும் என்ன சம்பந்தம்?" என்று. சேர், இந்த நாட்டில் அவர்கள்தான் தொடக்கினார்கள். 1912இல் மேரி சப்மன் என்ற மிஷனரி அம்மா தொடங்கிய செவிப்புல, விழிப்புலன் அற்றோர் பாடசாலைதான் இன்றைக்கு இரத்மலானையில் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று யாழ்ப்பாணத்தில் கைதடி நவீல்ட் பாடசாலை 1956இல் வந்தது. என் சித்தியின் மகன் அங்கே படித்தவன். லீவுக்கு வந்தால் எங்கள் எல்லாருக்கும் விரலால் எழுத்துக்கூட்டக் காட்டித் தருவான். பெரியவர்களுக்கு விளங்காமல் பெரியவர்களைப் பற்றிக் கதைக்க அதைவிட நல்ல வழி கிடையாது. நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு அவன்தான் காரணம் என்று நேர்முகத்தில் சொன்னேன். உண்மையான காரணம், அந்த வருடம் வெற்றிடம் விசேட கல்வியில்தான் இருந்தது.

22.09.2024

தேர்தல் முடிந்து ஊரடங்கு. வீட்டில் இருக்கிறேன், ஆகவே இன்றைக்கு நீளம்.

அங்கே வாசிப்புக் குறைபாட்டுக்கு எங்களுக்குப் படிப்பித்தது ஓர்ட்டன்–கில்லிங்ஹாம் முறை. 1930களில் அமெரிக்காவில் உருவானது. ஒலியைப் பிரித்து, எழுத்தோடு சேர்த்து, கண், காது, கை மூன்றாலும் பழக்குவார்கள். ஆங்கிலத்துக்கு நல்லது. மணல் தட்டில் விரலால் எழுதுவது அதில் ஒரு பகுதி. தட்டும் மணலும் டொலர் விலையோடு பட்டியலில் வந்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. மணலை விலைக்கு வாங்குவதா! எங்கள் பூட்டன்மார் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில்தான் எழுதினார்கள் என்றேன். பேராசிரியர் குறித்துக்கொண்டார்.

திரும்பி வந்து அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். முதல் வாரமே இடித்தது. அங்கே பிள்ளைகள் தடுமாறுவது கண்ணாடியில் பார்த்த மாதிரி இடமும் வலமும் மாறும் எழுத்துகளில். தமிழில் அப்படிச் சோடிகள் இல்லை. எங்கள் பிள்ளைகள் தடுமாறுவது வேறு இடங்களில். ன, ண இரண்டிலும் சுழியை எண்ண வேண்டும். ஒரே 'க' பகல் என்றால் ஒரு மாதிரி, கல் என்றால் வேறு மாதிரி. எல்லாவற்றுக்கும் மேலே கொம்பு.

தரம் நாலில் ஒரு பையன். 'கொடி' என்று சொல்லி எழுதச் சொன்னேன். க எழுதினான். பிறகு அதற்கு வலப்பக்கத்தில் கொம்பு, அதற்குப் பக்கத்தில் அரவு (ா), பிறகு டி. அழித்துவிட்டுத் திரும்ப எழுது என்றேன். அதே ஒழுங்கு. மூன்றாம் தரம் அழிறப்பர் தேய்த்துத் தாள் கிழிந்தது. அவனிடம் கேட்டேன், கொம்பை ஏன் பின்னால் போடுகிறாய்? "மிஸ், 'க்' தானே முதல் வருது? 'ஒ' பிறகுதானே?"

அவன் சொன்னது சரி. காதுக்கு மெய் முதல், உயிர் பிறகு. கண்ணுக்கு உயிரின் பாதி முன்னால், மெய் நடுவில், மீதிப் பாதி பின்னால். ஒலியைப் பிரித்துக் கேட்க நான் அவனைப் பழக்கினேன், அவன் நன்றாகப் பழகினான், ஆகவேதான் பிழை விட்டான். அமெரிக்க முறை அவனை இன்னும் ஆழமாகக் குழப்பியிருக்கிறது. அதற்குப் பிறகு கொ, கோ, கெ, கே எல்லாவற்றையும் உடைக்காமல் முழுப் படமாக, அட்டையில், ஒரே மூச்சில் எழுதப் பழக்கினேன். நாலு மாதம் எடுத்தது. இப்போது 'கொக்கு', 'தொப்பி' எழுதுகிறான். 'மொழி' மட்டும் இன்னும் தகராறு, அது கொம்பால் இல்லை, ழகரத்தால். அதில் பாதி ஊருக்கே தகராறு.

247 எழுத்து உள்ள மொழிக்கு வாசிப்புக் குறைபாட்டுப் பாடம் எழுத வேண்டியது நாங்கள்தான், அங்கே யாரும் எழுதித் தரப் போவதில்லை. தங்கச்சி போனால் கட்டுரைக்கு இதையே தலைப்பாக எடுக்கச் சொல்லுங்கள்.

25.09.2024

மேலே எழுதியதை எங்கள் அலகில் வேலை செய்யும் உதவியாளர் அக்காவிடம் போனில் வாசித்துக் காட்டினேன். "அவனுக்குக் கண்ணாடி போட்ட கதையை ஏன் எழுதேல்ல?" என்று கேட்டா.

சரி, எழுதுகிறேன். நாலு மாதத்தில் மூன்றாவது மாதம், அவன் கொப்பியைச் சரித்துப் பிடித்து ஒரு கண்ணால் வாசிக்கிறான் என்று கண்டுபிடித்தது அந்த அக்காதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒரு கண்ணில் பார்வை நன்றாகக் குறைவு. கண்ணாடி வந்த பிறகு கடைசி மாதத்தில் ஓடிய ஓட்டம் முதல் மூன்று மாதத்தில் இல்லை. எவ்வளவு அட்டையால், எவ்வளவு கண்ணாடியால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கொம்பைப் பற்றிச் சொன்னதில் நான் இன்னும் நிற்கிறேன். ஆனால் முதுமாணி எடுத்தவள் பார்க்க வேண்டிய முதல் விசயத்தை, சாதாரண தரம் வரை படித்த அக்கா பார்த்தா. மதிப்பீட்டுப் பாடத்தின் முதல் விரிவுரையிலேயே சொன்னார்கள், கண்ணையும் காதையும் சோதிக்காமல் வேறு சோதனை தொடங்காதே என்று. எனக்கு ஏ கிடைத்த பாடம்.

06.10.2024

"அக்கா, அங்கே இந்த வேலையை அழைப்பு என்று சொல்வார்களாமே, உண்மையா?" என்று தங்கச்சியே எழுதியிருக்கிறாள். (வணக்கம் பிள்ளை.)

உண்மை. இது தொழில் இல்லை, கடவுளின் அழைப்பு என்று வாரத்துக்கு ஒரு தரம் கேட்பாய். முதலில் கேட்க நன்றாகத்தான் இருந்தது. இங்கே விசேட அலகு என்றால் வேறு வகுப்புக்கு உதவாத ரீச்சரைப் போடும் இடம் என்றுதானே நினைக்கிறார்கள். ஒருத்தர் அதை அழைப்பு என்றதும் எனக்கு முதுகு நிமிர்ந்தது. பிறகு தோழி ஒருத்திக்கு ஒரு கிறிஸ்தவப் பாடசாலையில் வேலை கிடைத்தது. அரசுப் பாடசாலையைவிடச் சம்பளம் குறைவு. ஏன் என்று கேட்டதற்குச் சொன்ன பதில், அழைப்பு.

இங்கே அதற்குப் பெயர் புண்ணியம். வகுப்புக்கு ஒரு மின்விசிறியும் வாசலில் ஒரு சாய்தளமும் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு, முன்பு இருந்த பாடசாலையில், வாயால் கிடைத்த பதில்: "உங்களுக்குக் கோடி புண்ணியம் ரீச்சர்." சாய்தளம் மூன்று வருடத்துக்குப் பிறகு வந்தது, அதுவும் ஒரு பழைய மாணவர் சொந்தக் காசில் போட்டது. சரிவு கூடிவிட்டது, நாற்காலியைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். புண்ணியம் இன்னும் இரட்டிப்பு.

எனக்குப் பத்து வரை தட்டிய அந்த அமெரிக்க ரீச்சர் அழைப்பைப் பற்றி வாயே திறந்ததில்லை. ஆசிரியர் சங்கத்தில் இருந்தார். மூன்றரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

06.10.2024, இரவு

எழுதிவிட்டுப் படுக்க முடியவில்லை. என்னோடு படித்த, எனக்குத் தொடர்புள்ள ஆறு பேரை எண்ணிப் பார்த்தேன். நாலு பேர் இந்த வேலையை விட்டுவிட்டார்கள். மிச்சம் இரண்டு பேரும் அழைப்பு என்று நம்புகிறவர்கள், குறைந்த சம்பளத்துக்குப் போன அந்தத் தோழி உட்பட. எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் எண்ணினால் அப்படித்தான் வருகிறது.

13.10.2024

இறையியல் பாடம் வீண் என்று எழுதினேன் இல்லையா? பாதியைத் திரும்ப எடுக்கிறேன்.

நேற்று விஜயதசமி. கோயிலில் ஏடு தொடக்கல். பிள்ளைகளை மடியில் வைத்து அரிசியில் எழுதுவிக்கும் வரிசைக்கு வெளியே ஒரு தாய் நின்றா. என் வகுப்புப் பிள்ளையின் தாய். இது அவனுக்கு இரண்டாவது தரம் ஏடு தொடக்கல். மூன்று வயதில் ஒரு தரம் தொடக்கினார்கள், இப்போது ஏழு வயது, 'அ' இன்னும் வரவில்லை. "முதல் தொடக்கினதில் ஏதும் பிழையோ ரீச்சர்? மாமி சொல்லுறா, நான் வயித்தில வைச்சிருக்கேக்க கிரகணம் பாத்தனாம். இவர் சொல்லுறார், எங்கட பக்கத்துப் பாவமாம்."

அந்தப் பாடத்தில் ஒரு முழு வாரம் யோவான் 9ஆம் அதிகாரம் படித்தோம். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைக் காட்டிச் சீடர்கள் கேட்கிறார்கள்: யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா? இருவருமில்லை என்கிறார் இயேசு. அன்றைக்கு எனக்கு அது அமெரிக்கருக்கான பாடமாகப் படவே இல்லை. அந்தச் சீடர்கள் எங்கள் ஊர்ச் சனம். அதே கேள்வியை அதே ஒழுங்கில் கேட்கிறார்கள், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

கோயில் வாசலில் நின்று வேதப் புத்தகக் கதை சொல்லவில்லை. அவ்வளவு துணிவு எனக்கில்லை. "இரண்டு பக்கத்திலயும் பிழையில்லை அம்மா," என்று மட்டும் சொன்னேன். அதைச் சொன்ன உறுதி என் சட்டப் பாடத்தில் இருந்து வரவில்லை. அவ கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தா, பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றா.

பாதி என்றுதான் சொன்னேன். மற்ற மூன்று கிரெடிட் இன்னும் வீண்தான்.

14.10.2024

நேற்றைய குறிப்பைப் பார்த்துவிட்டு, அந்தப் பாடத்தில் வேறு என்ன படித்தீர்கள் என்று கேட்டார்கள். ஜோன் வனியே. 1964இல் பிரான்சில், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களோடு ஒரே வீட்டில் வாழ்வதை அவர் தொடங்கினார். பிறகு பல நாடுகளுக்குப் பரவியது, இந்தியாவில் ஆஷா நிகேதன் என்ற பெயரில். வகுப்பில் அவரைக் கிட்டத்தட்ட ஒரு புனிதராக வைத்திருந்தோம், நான் அழுதுகொண்டே கட்டுரை எழுதினேன். அவர் 2019இல் இறந்தார். 2020 பெப்ரவரியில் அவருடைய அமைப்பே விசாரித்து அறிக்கை வெளியிட்டது: ஆன்மீக வழிகாட்டல் என்ற பெயரில் பெண்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியிருக்கிறார், குறைந்தது ஆறு பேரை. அந்தக் கட்டுரை இன்னும் என் கணினியில் கிடக்கிறது. திறக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை.

03.11.2024

ஏ.பி.ஏ. பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான நடத்தைப் பகுப்பாய்வு. அமெரிக்காவில் அதற்கென்று தனிச் சான்றிதழ் இருக்கிறது, முதுமாணியோடு மேற்பார்வையில் 2000 மணித்தியாலம் வேலை செய்ய வேண்டும் (நெருக்கமான மேற்பார்வை என்றால் 1500). சில பல்கலைக்கழகங்கள் விசேட கல்வியோடு அந்தப் பாடங்களையும் சேர்த்து விற்கின்றன. பிள்ளை, கவனமாகக் கேள்: அந்தச் சான்றிதழ் சபை 2023 முதல் குறிப்பிட்ட சில நாடுகளில் வசிப்பவர்களிடம் மட்டும்தான் விண்ணப்பம் எடுக்கிறது. இலங்கை அதில் இல்லை. திரும்பி வந்து விண்ணப்பிக்கலாம் என்று நினைத்து அதற்குக் காசு கட்ட வேண்டாம்.

மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். படிப்பு முடிந்த பிறகு துறை சார்ந்த வேலைக்கு 12 மாதம் அனுமதி கேட்கலாம். ஆனால் அரசுப் பாடசாலை லைசென்ஸ் கேட்கும். இப்போது 09.09 குறிப்புக்குத் திரும்பிப் போய் வாசி.

27.11.2024

மழை. உயர்தரப் பரீட்சையையே நிறுத்திவிட்டார்கள். கரண்ட் போய்ப் போய் வருகிறது. மூதூர்ப் பக்கம் வெள்ளம் எப்படி? கேள்விகளுக்குப் பிறகு பதில் எழுதுகிறேன்.

08.12.2024

வகுப்புக்குள் முழங்கால் வரை தண்ணீர் வந்திருக்கிறது. கொம்பு அட்டைகள் எல்லாம் போய்விட்டன. லமினேட் பண்ணியவை தப்பின, ஆனால் 'மொ' வரிசை லமினேட் பண்ணாமல் வைத்திருந்தேன். அந்தப் பையன் ஈர அட்டைகளைப் பார்த்துவிட்டு, "நான் எழுதித் தாறன் மிஸ்," என்றான். ஆறு அட்டை எழுதினான். இரண்டில் கொம்பு பின்னால். நான் திருத்தவில்லை, பத்து வரை எண்ணினேன். ஒன்றை அவனே கண்டுபிடித்தான்.

12.01.2025

தங்கச்சி பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டாளாம். லைசென்ஸ் இல்லாத வழியில்தான் அவளையும் போட்டிருக்கிறார்கள். மாற்றித் தருவார்கள், ஆனால் ஒரு தவணை கூடுதலாக எடுக்கும், அந்தத் தவணைக்குப் புலமைப்பரிசில் இல்லை. "என்ன செய்யலாம்?" என்று அண்ணன் கேட்கிறார். தம்பி, எவ்வளவு காசு என்று நீங்கள் சொல்லவில்லை, சொன்னாலும் உங்கள் வீட்டுக் கணக்கை நான் பார்க்க முடியாது. நானாக இருந்தால் ஒரு வருடம் தள்ளிப்போட்டுக் காசு சேர்த்துக்கொண்டு, மாற்றிய வழியில் போவேன். என் மனுசன், மதில் கட்டச் சொன்னவர், இப்பவே போகட்டும், அங்கே போய்ச் சமாளிக்கலாம் என்கிறார்.

முடிவு எதுவாக இருந்தாலும், போக முன் அவள் ஒருநாள் எங்கள் வகுப்புக்கு வந்து இருக்கட்டும். அதிபரிடம் கேட்டுவிட்டேன், ஓம் என்றார். பொங்கலுக்கு அடுத்த செவ்வாய். முதல் பஸ்ஸில் வந்தால் எட்டு மணிக்குள் நிற்கலாம். சேலை கட்டாயமில்லை, நிலத்தில் இருக்க வேண்டி வரும். கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் நீலக் கதிரையில் மட்டும் இருக்க வேண்டாம். அதற்கு ஆள் உண்டு, வந்து பார்த்தால் கத்துவான்.